அந்தச் சேலைய எப்போ திருப்பிக் குடுத்தான்?

போன மே மாசம் மதுரைல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி ஒம்பதரைக்கு கரண்ட் போயிருச்சு, இன்வெர்ட்டர் பேட்டரி ஏற்கனவே உயிர விட்டுருந்துச்சு, அதனால எல்லாரும் மொட்டை மாடில பாய விரிச்சுப் படுத்தோம். அக்கா பொண்ணுக்கு எட்டு வயசு. போன்ல சார்ஜ் இல்ல, டேப்ல சார்ஜ் இல்ல, அம்மாவும் தூங்கிட்டா, இனிமே இவன்தான் கதின்னு எங்கிட்ட வந்து "மாமா ஏதாச்சும் கதை சொல்லேன்"னா. எனக்கு ஒரே குஷி. எங்க ஆச்சி சொன்ன ஜகதலப்பிரதாபன் கதைய எடுத்து விட்டேன், குரல ஏத்தி எறக்கி, குதிரைக் குளம்புச் சத்தமெல்லாம் நாக்குலயே போட்டு, முக்கா மணி நேரம். கடைசில "எல்லாரும் சந்தோஷமா வாழ்ந்தாங்க"ன்னு முடிச்சேன். பக்கத்துல சத்தமே இல்ல. தூங்கிருச்சு போலன்னு நானும் கண்ண மூடுறப்ப இருட்டுக்குள்ள இருந்து கேக்குது: "மாமா, அந்தச் சேலைய எப்போ திருப்பிக் குடுத்தான்?"

எந்தச் சேலைன்னு கேட்டேன். அதான், குளத்துல குளிக்கும்போது எடுத்துட்டு ஓடுனானே, அது. நான் யோசிச்சுப் பாத்தேன். முப்பது வருஷமா எனக்குத் தெரிஞ்ச கதை, எத்தனையோ தடவ கேட்டது, நானே நாலஞ்சு பசங்களுக்குச் சொன்னது. சேலைய எடுத்துட்டு ஓடுனது வரைக்கும் பளிச்சுன்னு ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் அது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல. "குடுத்துருப்பான்டா"ன்னேன். "நீ பாத்தியா?"ன்னா.

அன்னிக்கு ராத்திரி அவ தூங்கிட்டா, எனக்குத்தான் தூக்கம் வரல. அதுக்கப்புறமும் பல நாள் அது மண்டைக்குள்ளயே கெடந்து கொடஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

கதை தெரியாதவங்களுக்கு

தெரியாதவங்க கம்மியாத்தான் இருப்பீங்க. நாப்பது வயசுக்கு மேல இருந்தா, யாராச்சும் உங்களப் பாத்து "மனசுல பெரிய ஜகதலப்பிரதாபன்னு நெனப்போ"ன்னு ஒரு தடவையாவது கேட்டுருப்பாங்க. இருந்தாலும் எங்க ஆச்சி சொன்ன மாதிரி சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா ஒவ்வொரு ஆச்சிக்கும் ஒரு ஜகதலப்பிரதாபன் உண்டு. ஒரு ராஜா, அவருக்கு ஒரே புள்ள. ஒரு பௌர்ணமி ராத்திரி அப்பனும் புள்ளையும் உப்பரிகைல நிக்கிறாங்க. "இந்த நெலா வெளிச்சத்துல உனக்கு என்ன தோணுது மகனே"ன்னு ராஜா கேக்குறாரு. நாலு தேசத்த ஜெயிக்கணும்பான், கோயில் கட்டணும்பான்னு அவருக்கு ஒரு எதிர்பார்ப்பு. இவன் சொல்றான்: "தங்கக் கட்டில்ல நான் படுத்திருக்கணும் அப்பா, இந்திரகுமாரி வீணை வாசிக்கணும், அக்கினிகுமாரி காலு பிடிச்சு விடணும், நாககுமாரி விசிறணும், வருணகுமாரி வெத்தல மடிச்சுத் தரணும்." ராஜாவுக்கு வந்துச்சே கோவம், தலைய வெட்டுன்னுட்டாரு. ஆத்தாக்காரி கட்டுச்சோறு கட்டிக் குடுத்து பின்வாசல் வழியா அனுப்பி விடுறா. அவன் ஆசப்பட்டதத் தேடிக் கெளம்பிடறான்.

இதுல எங்க ஆச்சி நிறுத்தி ஒரு தடவ சிரிப்பா. "பாத்தியாலே, வீட்ட விட்டுத் தொரத்துனப்பவும் அவன் சோத்த ஒரு பொம்பளதான் கட்டிக் குடுக்கா." எனக்கு அப்போ ஏழு வயசு, அது ஜோக்குன்னே தெரியாது.

காட்டுல ஒரு கிழவி. "தாமரைக் குளத்துல இந்திரகுமாரி குளிக்க வருவா, கரைல இருக்குற அவ சேலைய எடுத்துட்டு திரும்பிப் பாக்காம ஓடு, திரும்பிப் பாத்தா கல்லாயிருவ"ங்கிறா. இவன் எடுத்துட்டு ஓடுறான். அவ பின்னால வந்து அழகா ஒரு குரல் குடுக்கா. திரும்பிட்டான். கல்லு. கிழவி வந்து தண்ணி தெளிச்சு எழுப்புறா. மறுநாளும் போறான், இந்தத் தடவ திரும்பல, சேலை இல்லாம அவளால பறக்க முடியல, கல்யாணம். அப்புறம் மத்த மூணு பேரும் ஒவ்வொரு விதத்துல வந்து சேர்றாங்க, அதையெல்லாம் ஆச்சி வேக வேகமா ஓட்டிருவா. அதுக்கப்புறம்தான் கதை சூடு பிடிக்கும். அவங்க தங்குற ஊரு ராஜா இந்த நாலு பேரையும் பாத்துட்டு, பிரதாபன ஒழிச்சுக் கட்டணும்னு மந்திரி பேச்சக் கேட்டு நடக்காத வேலையா குடுக்குறான். கடலுக்கு அடில இருந்து முத்து கொண்டா. பாதாளத்துல இருந்து மாணிக்கம் கொண்டா. கடைசில நெருப்புக்குள்ள எறங்கி, செத்துப்போன எங்கப்பாவுக்கு லெட்டர் குடுத்து பதில் வாங்கிட்டு வா. ஒவ்வொரு வேலைக்கும் பிரதாபன் வீட்டுக்கு வந்து ஓன்னு அழுவான். கடல்னா வருணகுமாரி போவா. பாதாளம்னா நாககுமாரி. நெருப்புன்னா அக்கினிகுமாரி அவன ரெண்டு நாள் அவங்க அப்பா வீட்டுல விருந்தாளியா வெச்சிருந்து, ராஜாவோட அப்பா எழுதுன மாதிரி ஒரு லெட்டரோட திருப்பி அனுப்புவா: "நான் இங்க சௌக்கியம், மந்திரியையும் கூட்டிக்கிட்டு நீயும் உடனே வரவும்." ராஜாவும் மந்திரியும் பட்டு வேட்டி கட்டிக்கிட்டு நெருப்புல எறங்குவாங்க. சுபம்.

இருபத்தஞ்சு பீடிக்கு ஒரு கட்டு

எங்க ஊரு கடையம் பக்கம். ஆச்சி பீடி சுத்துவா. இலைய முந்தின நாளே நனைச்சு சாக்குல சுத்தி வெச்சிருப்பா, காலைல தகட்ட மேல வெச்சு கத்தரியால ஒரே அளவா வெட்டுவா. மடில சொளவு, சொளவுல ஒரு பக்கம் வெட்டுன இலை, இன்னொரு பக்கம் தூளு. இலைல ஒரு சிட்டிகை தூளப் போட்டு, ரெண்டு பெருவிரலாலயும் ஒரு உருட்டு, நூல ரெண்டு சுத்து, தலைய ஒரு மடக்கு, சொளவுல போட்டுட்டு அடுத்த இலை. கண்ணு அங்க இருக்காது, எங்க மூஞ்சியப் பாத்துதான் கதை சொல்லிட்டு இருப்பா. இருபத்தஞ்சு பீடி ஒரு கட்டு. பிரதாபன் கல்லா மாறுற எடத்துல கரெக்டா முதல் கட்டு முடியும், கட்ட வரைக்கும் கதை நிக்கும், அவன் கல்லாவே நிப்பான், நாங்க "ஆச்சி ஆச்சி"ன்னு கத்துவோம். சாயங்காலம் கடைல கொண்டு போய்ப் போட்டா, கடைக்காரன் ஒவ்வொரு கட்டையும் அழுத்திப் பாத்து கழிவுன்னு கொஞ்சத்தத் தள்ளிருவான், அந்த எரிச்சலோட வந்து அடுத்த நாளைக்கு இலைய நனைப்பா. தாத்தா? தாத்தா டீக்கடைல பேப்பர் படிச்சிட்டு இருப்பாரு. நல்ல மனுஷன்தான். பேப்பர முழுசாப் படிப்பாரு.

இப்போ யோசிச்சா, அந்தக் கதைல ஆச்சி எங்கெங்க சிரிச்சாளோ அங்கெல்லாம் பிரதாபன் ஒண்ணும் செய்யாம உக்காந்திருந்தான். நடக்காத வேலை ஒவ்வொண்ணுக்கும் அவ சொல்றது ஒரே வரிதான், ராகத்தோட: "அவன் என்னத்தச் செஞ்சான்? ஓன்னு அழுதான்." நாங்க பசங்க எல்லாம் சேந்து கத்துவோம், "ஓன்னு அழுதான்!" ஒரு வீரன் கதைன்னு நெனச்சுதான் கேட்டுட்டு இருந்தோம். அழுதது கூட வீரத்துல ஒரு பகுதின்னு விட்டுட்டோம் போல.

நடுவுல என் பெருமையையும் சொல்லிடறேன். நாலு வருஷம் முன்னாடி தரகர் ஒரு ஃபாரம் குடுத்தாரு, அதுல "எதிர்பார்ப்பு"ன்னு ஒரு கட்டம். நான் பேனாவ எடுத்து நிதானமா எழுதுனேன். நல்லாப் படிச்சிருக்கணும், வேலைக்குப் போகணும், ஆனா வீட்டுப் பக்கத்துலயே வேலையா இருக்கணும், நல்லா சமைக்கணும், கொஞ்சம் பாட்டு தெரிஞ்சா நல்லது, அம்மாவ அனுசரிச்சுப் போகணும், ஜாலியா பேசணும், ஆனா ரொம்பப் பேசக்கூடாது. அக்கா அத வாங்கி சத்தமா படிச்சுட்டு "இதுக்கு நாலு பேரு வேணும்டா"ன்னா. வீடே சிரிச்சுச்சு. எனக்கு அப்பவும் அந்த உப்பரிகையும் நெலாவும் ஞாபகத்துக்கு வரல. ஃபாரம் இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு, விட்டுத்தள்ளுங்க.

துணிய எடுத்து ஒளிச்சு வெச்ச ஆளுங்க

மதுரைல இருந்து திரும்புனதும் தேட ஆரம்பிச்சேன். இந்தக் கதை மதனகாமராஜன் கதைல வர்றது. அந்தப் புஸ்தகத்த நடேச சாஸ்திரி 1886லயே இங்கிலீஷ்ல மொழிபெயர்த்திருக்காரு. 1944ல பி.யு.சின்னப்பா நடிச்சு படமா வந்துச்சு, ஒரே பாட்டுல அவரே அஞ்சு வேஷத்துல உக்காந்து கச்சேரி பண்ணுவாரு. 1961ல தெலுங்குல என்.டி.ஆர் நடிச்ச ஜகதேக வீருனி கதா, அதுலயும் சிவசங்கரி பாட்டுக்கு அஞ்சு என்.டி.ஆர், யூடியூப்ல பாக்காதவங்க பாருங்க. அந்தத் தெலுங்குப் படத்துல ஆடைய அம்மாகிட்ட குடுத்து வெச்சிருப்பான், மருமகளுங்க மாமியார்கிட்ட நைசா பேசி அத வாங்கிட்டு தேவலோகத்துக்குக் கெளம்பிடுவாங்க. அது சினிமா, அவன் பின்னாலயே போயி பாடிச் சேத்துருவான். எங்க ஆச்சி கதைல அது கெடையாது.

அப்புறம் பாத்தா இந்தத் துணித் திருட்டு உலகம் பூரா நடந்திருக்கு. கொரியாவுல ஒரு விறகுவெட்டி, அவன் காப்பாத்துன ஒரு மான் வந்து ஐடியா குடுக்குது: தேவகன்னி துணிய ஒளிச்சு வை, மூணு புள்ள பொறக்குற வரைக்கும் குடுத்துராத. ஏன் மூணு? கணக்குப் பாருங்க, ரெண்டு கைதான், ரெண்டு புள்ளைன்னா ஆளுக்கொரு கைல தூக்கிட்டுப் பறந்துருவா. இவன் ரெண்டாவது புள்ளையிலயே மனசு எரங்கி எடுத்துக் காட்டுறான், அவ போட்டுக்கிட்டு ரெண்டு கக்கத்துலயும் ரெண்டு புள்ளையோட மேல போயிடறா. இத ஒரு மான் ஒக்காந்து ப்ளான் பண்ணிருக்கு, அதுதான் எனக்குத் தாங்கல. ஸ்காட்லாந்துல அவ கடல்நாய், அவ தோல எடுத்து ஒளிச்சு வெப்பான், பல வருஷம் கழிச்சு அவ புள்ளையே எங்கயோ பாத்துட்டு வந்து "அம்மா இது என்ன"ன்னு கேக்கும், அம்மா அன்னிக்கே கடலுக்குப் போயிருவா. ஜப்பான்ல மிஹோன்னு ஒரு கடற்கரை, ஒரு மீனவன் பைன் மரத்துல தொங்குற எறகு ஆடைய எடுக்குறான், அவ கேக்குறா, ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுனா தர்றேங்கிறான். ஆடை இல்லாம ஆட முடியாதுன்னு அவ சொல்ல, குடுத்தா நீ ஆடாமலே போயிருவியேங்கிறான். சந்தேகமெல்லாம் மனுஷங்களுக்குத்தான், எங்க ஊர்ல பொய்யே கெடையாதுங்கிறா அவ. அவனுக்கு வெக்கமாப் போயி குடுத்துடறான், அவளும் சொன்ன மாதிரி ஆடிட்டு, மெதுவா, மலைக்கு மேல போயி மறைஞ்சிடறா. நூறு தடவ படிச்சிருப்பேன் அந்த எடத்த. நம்ம ஆண்டாள் வேற, நாச்சியார் திருமொழில மூணாம் பத்து முழுக்க, தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு மரத்து மேல இருக்குறவன்கிட்ட எங்க துணிய குடுத்துருன்னு கேக்குற பொண்ணுங்க குரலாவே பாடியிருக்கா. திட்டுறா, கெஞ்சுறா, அம்மாமாரு பாத்தா என்னாகும்ங்கிறா. பத்து பாட்டு!

ஆக, எல்லா ஊர்லயும் அந்தத் துணிக்கு ஒரு முடிவு இருக்கு. கண்டுபிடிச்சா, இல்ல குடுத்தான், இல்ல கேட்டுட்டே இருந்தா. எங்க ஆச்சி கதைல மட்டும் அது காணாமப் போயிருச்சு. ஒரு கட்டு பீடிய எண்ணாமலே இருபத்தஞ்சுன்னு சொல்ற கிழவி, ஒரு சேலைய மறந்திருப்பாளா? அதுதான் என்னால ஒத்துக்க முடியல.

அம்மாகிட்ட கேட்டது

ஞாயித்துக்கெழமை அம்மாவுக்கு போன் போட்டேன். வழக்கமான சாப்பிட்டியா, அந்த வரன் என்னாச்சு எல்லாம் முடிஞ்சதும் கேட்டேன்: "ஏம்மா, ஜகதலப்பிரதாபன் கதைல அந்தச் சேல என்னம்மா ஆச்சு?"

அம்மா கொஞ்சங்கூட யோசிக்கல. "அரிசிப் பானைக்குள்ளதான் இருந்துச்சு."

எந்த அரிசிப் பானை? "அவன்தான் ஒளிச்சு வெச்சான்லா. அரிசிப் பானைக்கு அடில. மடப்பய, சமைக்கிறவ கண்ணுல படாத எடம்னு அவனுக்கு அதுதான் தோணிருக்கு." கல்யாணம் ஆன மூணாம் நாளே இந்திரகுமாரி அரிசி அள்ளும்போது கைல தட்டுப்பட்டுருச்சாம். எடுத்துப் பாத்தாளாம். திருப்பி மடிச்சு அதே எடத்துல வெச்சுட்டாளாம். அதுக்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் அவன் வெளிய போன நேரத்துல எடுத்து ஒரு தடவ ஒதறி, வெயில்ல காட்டி, பூச்சி அரிச்சிருக்கான்னு பாத்துட்டு, மடிச்சு உள்ள வெப்பாளாம். நாலு பேருக்கும் தெரியும். மத்த மூணு பேரும் வாசல்ல காவல் நிப்பாங்களாம். அவனுக்கு மட்டும் தெரியாது. சாகுற வரைக்கும் அவன், நான் ஒளிச்சு வெச்சிருக்கேன், அதனாலதான் இவ இருக்கான்னே நெனச்சுட்டு இருந்தானாம்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரல. "எனக்கு ஆச்சி இதச் சொல்லவே இல்லயேம்மா." அம்மா சாதாரணமா சொல்றா: "உங்களுக்கு எதுக்குச் சொல்லுதா. ஆம்பளப் பயலுவளுக்குச் சொல்லும்போது அது வராது. நானும் பெரியம்மையும் சித்தியும் பீடிக்கு நூலு சுத்த ஒக்காந்தாத்தான் அது வரும்." அதே திண்ணை, அதே சொளவு, அதே கட்டுக்கு இருபத்தஞ்சு. நாங்க பள்ளிக்கூடம் போன நேரத்துல அங்க வேற கதை ஓடியிருக்கு. அக்காவுக்கும் தெரியுமான்னு கேட்டேன். தெரியும்னா. முப்பது வருஷமா என்கூட ஒரே வீட்டுல வளந்த அக்கா, "ஓன்னு அழுதான்"னு என்கூடவே கத்துன அக்கா.

"சரிம்மா, மூணாம் நாளே கெடச்சிருச்சே, ஏன் போகல?"ன்னேன்.

"நானும் இதேதான் கேட்டேன். பதினாலு வயசு இருக்கும் எனக்கு."

"ஆச்சி என்ன சொன்னா?"

"'கதை கேக்கவ ம் கொட்டுட்டி'ன்னுட்டா."

அதோட அடுப்புல பால் வெச்சிருக்கேன்னு போன வெச்சுட்டா. நான் அப்படியே ஒக்காந்திருந்தேன். அவனப் பிடிச்சுப் போனதால இருந்தாளா, போக எடமில்லாம இருந்தாளா, நாளைக்குப் போலாம் நாளைக்குப் போலாம்னே வருஷம் ஓடிருச்சா, இல்ல அந்த மூணு பேரோட பேச்சுச் சொகத்துக்காகவா. இதுல எது ஆச்சி மனசுல இருந்துச்சோ. பிடிச்சுதான் இருந்தான்னு நம்ப எனக்கு ஆசை. எனக்கு அப்படித்தான ஆசையா இருக்கும்.

அடுத்த சனிக்கெழமை வீடியோ கால்ல மருமகளக் கூப்பிட்டு, முழுக் கதையையும் அரிசிப் பானையோட சொன்னேன். கவனமா கேட்டா. ஏன் போகலன்னு கேப்பான்னு பயந்துக்கிட்டே இருந்தேன், அவ கேட்டது வேற: "சேல என்ன கலரு?"

யாருக்குத் தெரியும். கான்ஃபரன்ஸ்ல அம்மாவ இழுத்தேன். கேட்டு முடிக்கல, "மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர், உடம்பு பூரா சின்னச் சின்ன ஜரிகைப் புட்டா"ன்னா. ஆச்சி சொன்னாளான்னா, "இல்லல, நானா நெனச்சுக்கிட்டதுதான்." பின்னால அடுப்படில இருந்து அக்கா குரல் வருது: "மஞ்சளா? ராமர் பச்சைல்லா." ரெண்டு பேருக்கும் சண்ட வந்துருச்சு, தேவலோகத்துல பட்டா காட்டனான்னு. நான் நடுவுல முழிச்சுக்கிட்டு இருக்கேன். என் தலைக்குள்ள அதுக்கு இத்தன வருஷமா கலரே கெடையாது.

"எனக்கு ப்ளூ. ஆனா பாக்கெட் வேணும்"ங்கிறா மருமக.

"சேலைல எதுக்குடி பாக்கெட்?"

"காசு வெக்க. போறதுக்கு வர்றதுக்கு."

போன்ல அம்மா குரல், ரொம்ப சீரியஸா: "டவுன் பஸ்ஸுல லேடீஸுக்கு டிக்கெட்டே கெடையாதேட்டி."